தொப்புள்கொடி ரத்தமா, குதிகால் ரத்தமா, ஆயிரம் மூலக்கூறா?

"சித்தி, மெட்டபோலோமிக்ஸ்னு ஒண்ணு இருக்காமே. ஒரே ரத்தத்துல ஆயிரம் பொருள அளக்குறாங்களாம். புள்ள பொறந்ததும் அதையே எடுத்துடலாமா?"

அக்கா மகள் கேட்டபோது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து ஒரு வாரம்தான். கை நிறையக் கண்ணாடி வளையல். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில், பால்மரம் போய் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்தில் அக்கா வீடு. லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, உடைத்து வெகு நாளாகிறது, ஆனாலும் மாலையானால் எல்லாரும் வாசலில்தான் உட்காருவோம். நான் பரிசோதனைக்கூடத்தில் 25 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும்.

இந்தக் கேள்வியை அவள் சும்மா கேட்கவில்லை. 1989-இல் அக்காவுக்குத் தலைப்பிள்ளை ஆண். பிறக்கும்போது மூன்று கிலோ, நல்ல அழுகை. மூன்றாம் நாள் பால் குடிப்பது குறைந்தது. ஐந்தாம் நாள் எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. உரைமருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டான். ரத்தத்தில் கிருமி என்றார்கள். இருக்கலாம், பச்சைப்பிள்ளை துவண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் அதைத்தான். ஆனால் அக்கா இன்றுவரை ஒன்றைச் சொல்வாள்: மூத்திரத் துணியை அலசும்போது வெந்தயமும் கருகிய சர்க்கரையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம் வந்ததாம்.

அக்கா மகள் கட்டியிருப்பது என் அண்ணன் மகனை, அதாவது அவளுடைய சொந்த மாமன் மகனை. அவளுக்கு நான் சித்தி, அவனுக்கு அத்தை. நம் ஆட்களிடம் இது புதிதில்லை. 1976-ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்திலேயே, இந்து வழக்கப்படி அக்காள் மகளைக் கட்டுவதற்குத் தனி விலக்கு கொடுத்து வைத்திருக்கிறார்கள். மாமன் மகன் அதைவிடத் தூரத்து உறவுதான். குறை சொல்ல நான் வரவில்லை. கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளையின் சாவுக்கு ஒரு பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் பெரும்பாலானவை, பழுதான ஜீன் அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் வரும். அப்படியானால் அக்காவுக்கு ஒரு பழுது கட்டாயம் இருந்திருக்க வேண்டும். நோயில்லாமல் வளர்ந்த அவள் மகளுக்கு இருக்க வாய்ப்பு 3-இல் 2. என் அண்ணனுக்கு 2-இல் 1, அவர் மகனுக்கு 4-இல் 1. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர வாய்ப்பு 4-இல் 1. மகளின் 3-இல் 2, மருமகனின் 4-இல் 1, பிள்ளையின் 4-இல் 1, மூன்றையும் பெருக்கினால் 24-இல் 1. அந்த வெந்தய வாசத்துக்குப் பேர்போன நோயான மேப்பிள் சிரப் மூத்திர நோய், உலகப் பொதுவில் ஏறத்தாழ 1,85,000 பிறப்புகளுக்கு ஒன்று. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊரில் எல்லாருக்கும் சொல்லும் பதில் இந்த வீட்டுக்குப் பொருந்தாது என்பது தெரியும்.

உடம்புக்குள் நடப்பதைத் தோட்டத்து ஆளுக்குப் புரிய வைக்கப் பாரிட், அதாவது தோட்டத்து வாய்க்கால், போதும். சாப்பிட்ட புரதமும் கொழுப்பும் வாய்க்கால் வாய்க்காலாக உடைந்து ஓடுகின்றன. ஒவ்வொரு மதகிலும் ஒரு நொதி. ஒரு நொதி வேலை செய்யாவிட்டால் அதற்கு மேலே தண்ணீர் தேங்கும், கீழே காய்ந்து போகும். தேங்குவது லூசின் (மேப்பிள் சிரப் நோயில் தேங்கும் அமினோ அமிலம்) என்றால் மூளை வீங்கும்; அம்மோனியா என்றால் அதைவிட வேகம். 1902-இல் ஆர்ச்சிபால்ட் காரட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மூத்திரம் கறுத்துப்போகும் ஒரு நோயைப் பற்றி எழுதியபோது, அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் ஒன்றுவிட்ட உறவுக்குள் கட்டியவர்கள் என்பதையும் கவனித்து எழுதினார். இந்தத் துறையே அங்கேதான் தொடங்குகிறது. என் மருமகனிடம் இதைச் சொன்னபோது, "அப்பவே நம்ம வீட்டு விஷயம் வெளிய போயிடுச்சா அத்தை" என்றான்.

இனி, அவள் முன்னால் இருக்கும் வழிகள்.

முதல் வழி, எதுவும் தனியாகச் செய்யாமல் அரசாங்க ஆஸ்பத்திரி எடுப்பதை நம்பியிருப்பது. மலேசியாவில் பிறக்கும் பிள்ளைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இரண்டு சோதனை செய்வார்கள்: ஜி-சிக்ஸ்-பிடி (G6PD) என்ற நொதியின் குறைபாடு, பிறவித் தைராய்டு குறைபாடு. இரண்டும் நல்ல சோதனைகள், காசும் கேட்பதில்லை. ஜி-சிக்ஸ்-பிடி குறைவு என்று தெரிந்த பிள்ளையின் துணிப்பெட்டியில் அந்துருண்டை போடாதே, அது சிவப்பணுவை உடைக்கும் என்று மிஸ்ஸி (தாதி) சொல்லி அனுப்புவது எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்கு இது போதாது. அக்காவே கேட்டாள்: "கொடியில ரத்தம் எடுக்குறாங்கதானே, அதுலயே எல்லாத்தையும் பாத்துட வேண்டியதுதானே?"

பார்க்க முடியாது. ஜி-சிக்ஸ்-பிடி சிவப்பணுவுக்குள் இருக்கும் நொதி. வயிற்றுக்குள் இருக்கும்போதே இருப்பதும் இல்லாததும் தெரிந்துவிடும். லூசின் போன்றவை அப்படியில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும் வரை அதன் ரத்தத்தில் தேங்குவதையெல்லாம் நஞ்சுக்கொடி அம்மா பக்கம் இழுத்துவிடும், அம்மாவின் உடம்பு சுத்தம் செய்துவிடும். கொடியை வெட்டிய பிறகு, தன் உடம்பை மட்டும் நம்பி, பாலையும் குடித்து ஒரு நாள் கடந்த பிறகுதான் தேக்கம் கண்ணுக்குத் தெரியும். கொடி ரத்தத்தில் எவ்வளவு விலையுள்ள இயந்திரத்தை வைத்துப் பார்த்தாலும் இந்தப் பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, நார்மல்" என்று நிம்மதியாக வீட்டுக்கு வரும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கும்.

இரண்டாவது வழி, குதிகால் ரத்தம். 24 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையே குதிகாலின் ஓரத்தில் குத்தி, வடிதாளில் அச்சிட்ட வட்டங்களில் சொட்டுவிடுவது. அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி 1960-களில் கொண்டுவந்த தாள் இது. அவர் ஒரு நோய்க்காக, பாக்டீரியாவை வைத்துப் பார்த்தார். 1990-களில் மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரிக்கும் டாண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வந்ததும், அதே தாளிலிருந்து 3.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டியெடுத்த ஒரு பொட்டில், இரண்டு மூன்று நிமிடத்தில், அமினோ அமிலங்களையும் கொழுப்பு உடைவின் மிச்சங்களையும் சேர்த்து அளக்க முடிந்தது. 40-க்கு மேற்பட்ட கோளாறுகள் ஒரே ஓட்டத்தில். சிங்கப்பூரில் 2006 முதல் தேசியத் திட்டமாக இது நடக்கிறது. நம் நாட்டில் இன்னும் எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. தனியார் மருத்துவமனைகளில் சில நூறு வெள்ளி கட்டி எடுத்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையில் சந்தேகம் இருக்கும் பிள்ளைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தால் தாள் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.எம்.ஆர். பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். குடும்பத்தில் ஒன்பதாம் நாள் சாவு ஒன்று இருப்பது சந்தேகத்துக்குப் போதுமான காரணம். ஆனால் நாம் வாய் திறந்து சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்?

இந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் காரியம் கெடுவதெல்லாம் இயந்திரத்துக்கு வெளியேதான். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். இரண்டாவது சொட்டு பெரிதாகத் திரண்டதும் தாளை ஒரே பக்கத்திலிருந்து தொட வைக்க வேண்டும். மறுபக்கம் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் அதே அகலத்துக்கு ஊறியிருக்க வேண்டும். வட்டம் நிறையவில்லையே என்று மேலே இன்னொரு சொட்டு வைத்தால் போச்சு, அளவு தப்பாக ஏறும். பிறகு படுக்கை வாட்டில், வெயில் படாமல், சூடு படாமல், குறைந்தது மூன்று மணி நேரம் காய வேண்டும். நம் ஊர் புழுக்கத்தில் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுப்பி, திங்கட்கிழமை வரை காரிலோ கவுண்டரிலோ கிடந்த தாள்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவற்றை ஒதுக்கிவைத்து, திரும்ப எடுத்து அனுப்பச் சொல்வோம். திரும்ப எடுப்பதற்குள் நாலைந்து நாள் போய்விடும். மேப்பிள் சிரப் நோயின் கடும் வகையில் அந்த நாலைந்து நாள்தான் பிள்ளையின் மூளை.

இன்னொரு சிக்கல், சுகப்பிரசவம் என்றால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 24 மணி நேரம் ஆகுமுன் குத்தினால் தேக்கம் போதாது, நோய் தப்பிவிடலாம். வீட்டுக்கு வந்தபின் குத்த யார் வருவார்கள்? மிஸ்ஸி மஞ்சள் பார்க்க வருவார், கொடி பார்க்க வருவார். தாளோடு வருவார் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

மூன்றாவது, அவள் கேட்ட மெட்டபோலோமிக்ஸ். டாண்டம் மாஸ் நமக்குத் தெரிந்த நாற்பது மதகுக்குப் போய்த் தண்ணீர் மட்டம் பார்க்கிறது. இது தோட்டம் முழுவதையும் மேலிருந்து ஒரே படமாக எடுக்கிறது. பிளாஸ்மாவில் சுமார் 900, ஆயிரம் சிறு மூலக்கூறுகள்; ஒவ்வொன்றும் அந்த வயதுக்காரர்களிடம் வழக்கமாக இருப்பதைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று கணக்கு. தனியாக ஒரு பொருள் ஏறியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே வாய்க்காலில் மேலே நாலு ஏறி, கீழே மூன்று இறங்கியிருந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதன் பலம் உண்மையானது. 2021-இல் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஆய்வாளர்கள் ஓர் ஒப்பீடு வெளியிட்டார்கள். வழக்கமான மூன்று சோதனை, அதாவது பிளாஸ்மா அமினோ அமிலம், அசைல்கார்னிடைன் (கொழுப்பு உடைவின் மிச்சம்), மூத்திரக் கரிம அமிலம் எடுத்த குடும்பங்களில் 1.3 விழுக்காட்டில்தான் நோய் பிடிபட்டது. மெட்டபோலோமிக்ஸ் எடுத்த குடும்பங்களில் 7.1 விழுக்காடு. 70 வகைக் கோளாறுகள் அதில் வந்தன. நரம்புச் செய்தி கடத்தும் பொருள்களில் கோளாறு உள்ள பிள்ளைகள், அதாவது வலிப்பு, தளர்ச்சி என்று வருடக்கணக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைபவர்கள், பழைய சோதனைகளில் கண்ணுக்கே படமாட்டார்கள். இதில் படுகிறார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் யாருடைய ரத்தம் என்பதைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஏதோ ஒரு குறை இருந்து, டாக்டர் சந்தேகப்பட்டு அனுப்பியவர்கள். நேற்றுப் பிறந்த நல்ல பிள்ளைகளை வரிசையாகச் சலித்ததில்லை. முடிவு வரவும் வாரக்கணக்காகும். நம் அரசு மருத்துவமனைகளில் பிறந்த பிள்ளைகளுக்கான வழக்கமான சேவையாகவும் இது இல்லை. பிளாஸ்மாவை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஒன்பது நாளில் போன பிள்ளையின் வீட்டில், மூன்றாம் வாரம் வரும் ரிப்போர்ட் யாருக்கு?

ஆயிரம் பொருளை அளந்தால் ஆயிரத்தில் சில எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். இங்கேதான் வெந்தயத்துக்கு வருகிறேன். மேப்பிள் சிரப் நோயின் வாசத்துக்குக் காரணமான சோட்டோலோன் என்ற பொருள் வெந்தயத்திலும் இருக்கிறது. பிரசவத்துக்கு முன் அம்மா வெந்தயம் சாப்பிட்டிருந்ததால் பிள்ளை மூத்திரத்தில் அந்த வாசம் வந்து, நோயோ என்று டாக்டர்கள் பதறிய சம்பவம் மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. 1989-இல் அக்கா வெந்தயக்களி சாப்பிட்டாளா? "சாப்பிடாம? அம்மா விடுவாங்களா?" என்றாள். ஆக, எங்கள் குடும்பத்தின் ஒரே தடயமும் அங்கேயே பாதி கரைந்துவிட்டது. ரத்தத்தில் லூசினை அளந்தால் இந்தக் குழப்பம் இல்லை. வெந்தயம் வாசத்தைத்தான் தரும், லூசினை ஏற்றாது.

வெந்தயம் ஒன்றுதான் என்றில்லை. அம்மா சுத்த சைவமாக இருந்து பி12 குறைவாக இருந்தால், பிள்ளையின் ரத்தத்தில் புரோபியோனைல்கார்னிடைன் என்ற பொருள் ஏறி, மெத்தில்மலோனிக் அமில நோய் என்ற பிறவிக் கோளாறு மாதிரியே காட்டும். பிவாலிக் அமிலம் சேர்ந்த சில ஆன்டிபயாடிக், ஐசோவலெரிக் நோய் என்ற இன்னொரு கோளாறு மாதிரி வேஷம் போடும். இந்த மாதிரி வேஷம் டாண்டம் மாஸிலும் உண்டு, மெட்டபோலோமிக்ஸிலும் வரலாம். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின்மேல் மரியாதை உண்டு. முதல் சல்லடையாக வைக்கத்தான் மனசு வரவில்லை. முதல் சோதனையில் ஏதோ இடித்தால், அது நிஜமா வேஷமா என்று பிரிக்கும் இரண்டாவது சல்லடையாக, அல்லது எல்லாம் நார்மல் என்று வந்தும் தேறாமல் கிடக்கும் பிள்ளைக்கு, அதற்குச் சமமாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

நான்காவது, ஜீன். மருமகன் இந்தப் பக்கம்தான் சாய்ந்தான்: "வேர்லயே பாத்துடலாமே அத்தை." கலிபோர்னியாவில் சலித்தெடுத்த ரத்தப் பொட்டுகளை வைத்து இதைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். நோய் உறுதியான பிள்ளைகளில் டாண்டம் மாஸ் 99 விழுக்காட்டைப் பிடித்திருந்தது. எக்ஸோம் என்ற ஜீன் வாசிப்பு தனியாக 88 விழுக்காட்டைத்தான் பிடித்தது. வரைபடத்தில் கோடு கோணலாக இருப்பதை வைத்து, தண்ணீர் நிற்கிறதா ஓடுகிறதா என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. பிள்ளைக்கு முதல் சோதனையாக இதை எடுப்பது சில ஆயிரம் வெள்ளிக்கு ஒரு கேள்விக்குறி வாங்குவதாக முடியலாம்.

ஆனால் எங்கள் வீட்டில் ஜீனுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது, அதை நான் இரண்டு நாள் கழித்துத்தான் யோசித்தேன். இறந்தது ஆண் பிள்ளை. ஓ.டி.சி. குறைபாடு என்ற யூரியா சுழற்சிக் கோளாறு, அதாவது அம்மோனியாவை யூரியாவாக மாற்ற முடியாத நோய், எக்ஸ் குரோமோசோமில் வருவது. அம்மா வழியாக ஆண் பிள்ளையைத்தான் கடுமையாக அடிக்கும். முதல் வாரத்திலேயே அம்மோனியா ஏறிப் பிள்ளை துவளும், பார்ப்பதற்குக் கிருமித் தொற்று மாதிரியே இருக்கும். அப்படியிருந்தால் என் 24-இல் 1 கணக்கே தப்பு. மாமன் மகனைக் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அக்காவிடம் அந்த ஜீன் இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு 2-இல் 1. வந்திருந்தால் அவள் பெறும் ஆண் பிள்ளைகளில் 2-இல் 1. குதிகால் ரத்தத்து டாண்டம் மாஸ் ஓ.டி.சி.யை நம்பிப் பிடிக்காது. பிரசவம் முடிந்த நாட்களில் அம்மோனியா ஏறும் ஆபத்து, ஜீனைச் சுமக்கும் தாய்க்கே உண்டு. இறந்த பிள்ளையின் ரத்தம் நம்மிடம் இல்லை, ஆனால் அக்கா இருக்கிறாள். ஜீன் சோதனைக்கு முதலில் கை நீட்ட வேண்டியது அவள், அப்புறம் மகளும் மருமகனும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டு எடுத்தால் பிரசவத்துக்கு முன்னால் ஏதாவது தெரியலாம்.

ஆக நான் அவளுக்குச் சொன்ன வரிசை இது. இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) ஒன்பதாம் நாள் சாவைச் சொல்லி, கர்ப்பிணிகளுக்கான பதிவேடான பிங்க் புக்கில் எழுத வைக்க வேண்டும். பிரசவம் பிள்ளை மருத்துவர் இருக்கும் இடத்தில், ஈப்போவில். இங்கிருந்து அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 24 மணி நேரம் தாண்டியதும் குதிகால் ரத்தம், அவசரம் என்று குறித்து; அதுவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று கேட்க வேண்டும். பிள்ளை பால் மறுத்தாலோ துவண்டாலோ எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திராமல் அம்மோனியாவும் சர்க்கரையும் ரத்த அமிலமும் பார்க்கச் சொல்ல வேண்டும். சிகிச்சை தொடங்குமுன் கொஞ்சம் பிளாஸ்மாவையும் மூத்திரத்தையும் உறைய வைக்கச் சொல்ல வேண்டும். மெட்டபோலோமிக்ஸ் தேவைப்பட்டால் அந்த உறைந்த குழாயிலிருந்து போகட்டும். 1989-இல் ஒரு குழாய் உறைய வைத்திருந்தால் இன்று இத்தனை பெருக்கல் கணக்கு எனக்கு வேண்டியதில்லை.

"அப்ப ஆயிரம் வேணாம், நாப்பது போதும்ங்கிறீங்க" என்றாள்.

"உம் புள்ளைக்கு மொத ரெண்டு நாளுக்கு நாப்பது. அம்மோனியாவச் சேத்தா நாப்பத்தொண்ணு. ஆயிரத்துக்கு அப்புறம் வரலாம்."

மருமகன் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விலை கேட்டான். அரசாங்கத்திலேயே டாக்டர் எழுதிக் கொடுத்தால் காசு மிச்சம் என்பது அண்ணன் கட்சி. தனியாரில் கட்டினால் தேதி தவறாது என்பது மருமகன் கட்சி. எனக்கு இதில் பெரிய பிடிவாதம் இல்லை. தாள் எங்கே போகிறது என்பதைவிட எத்தனை மணிக்குக் குத்தினார்கள், என்று போய்ச் சேர்ந்தது, ரிப்போர்ட்டை யார் யாருக்குப் போன் பண்ணிச் சொல்வார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வைக்கச் சொன்னேன்.

அக்கா எதுவும் பேசவில்லை. நாங்கள் கிளம்பும்போது அடுப்படியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். களிக்கென்று வறுத்து அரைத்து வைத்திருந்த வெந்தயப் பொடி டின்னை, முக்காலி போட்டு ஏறி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "குதிகால்ல குத்தி முடிக்கட்டும், அப்புறம் இறக்கிக்கிறேன்" என்றாள்.